பெல் அடித்த பிறகு கிடைக்கும் ஒரு நிமிடம்

என்னிடம் பயிற்சி எடுத்துவிட்டு இப்போது ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன வாரம் போன் செய்தான். "சார், குத்துச்சண்டைப் படங்கள்லயே மறக்க முடியாத காட்சி எது? ரூம்ல ஒரே விவாதம். ஒருத்தன் ராக்கி படிக்கட்டு ஏறுறதுங்கிறான், இன்னொருத்தன் டான்சிங் ரோஸ்ங்கிறான். நீங்க சொல்லுங்க, முடிச்சுக்கிறோம்" என்றான். அவசரத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் மனசு ஆறவில்லை. அந்த இரண்டு வரியை இங்கே விரித்து எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். எங்களிடம் ரிங் கிடையாது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட சதுரம்தான் ரிங். புளியமரக் கிளையில் தொங்கும் உரச்சாக்குக்குள் மரத்தூளும் பழந்துணியும் திணித்ததுதான் பேக். மாங்காய் சீசன் வந்தால் பாதிப் பேர் தோப்புக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் நான் படம் போட்டுக் காட்டுவேன். சுவரில் வேட்டியைக் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில். அப்படி ஒரே காட்சியை இருபது முப்பது தடவை பார்த்ததில் எனக்கு ஒன்று உறைத்தது. பிள்ளைகள் குத்து விழும் நேரத்தில் கத்துகிறார்கள், பெல் அடித்து வீரர்கள் கார்னருக்கு, அதாவது ரிங்கின் மூலையில் உள்ள தங்கள் இடத்துக்கு, வந்ததும் அமைதியாகிவிடுகிறார்கள். அந்த அமைதியில் பார்த்ததைத்தான் மறுநாள் வந்து பேசுகிறார்கள்.

அதனால் என் பதில் இதுதான். குத்துச்சண்டைப் படங்களில் மனசில் நிற்கும் காட்சிகள் பெரும்பாலும் இரண்டு ரவுண்டுக்கு நடுவே உள்ள அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கின்றன. அந்த ஒரு நிமிடத்தில் குத்துச்சண்டைக்காரனுக்கு யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பதில்.

ரிங் ஓரம் நின்றவர்களுக்கு அந்த நிமிடம் தெரியும். பெல் அடித்ததும் ஸ்டூலைப் போட வேண்டும். மவுத்பீஸை எடுத்துக் கழுவ வேண்டும். வாயில் தண்ணீர், கழுத்தில் ஐஸ், புருவத்தில் வாசலின். மூச்சு சீராக விடச் சொல்ல வேண்டும். இதற்குள் நாற்பது விநாடி போய்விடும். மீதி உள்ளதில் ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். இரண்டு சொன்னால் இரண்டும் ஏறாது. அதற்குள் "செகண்ட்ஸ் அவுட்" என்று குரல் வரும், ஸ்டூலோடு இறங்கிவிட வேண்டும். எருது விடும் விழாவில் மாடு ஓடும் நேரத்தை விநாடிக் கணக்கில் பார்த்துப் பரிசு கொடுக்கிற ஊர் எங்களுடையது. விநாடி என்ன செய்யும் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, முதலில் 1976ல் வந்த ராக்கி. முகமது அலியோடு 1975 மார்ச் 24ஆம் தேதி மோதிய சக் வெப்னர் என்பவர், எல்லோரும் மூன்று ரவுண்டு தாங்கமாட்டார் என்று நினைத்தபோது 15ஆவது ரவுண்டு வரை நின்றார். முடிய 19 விநாடி இருக்கும்போதுதான் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அதைப் பார்த்த வேகத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் எழுதிய கதை இது. படத்தில் ராக்கி ஜெயிக்க ஆசைப்படுவதில்லை. போட்டிக்கு முந்தின இரவு காதலி ஏட்ரியன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்னால் அந்த உலக சாம்பியனை ஜெயிக்க முடியாது, கடைசி பெல் அடிக்கும்போது நான் நின்றுகொண்டிருந்தால் போதும் என்கிறான். அந்த மெதுவான பேச்சு படத்தின் முதுகெலும்பு.

14ஆவது ரவுண்டு. ராக்கி கீழே விழுகிறான். அவனுடைய வாத்தியார் மிக்கி, கயிற்றுக்கு வெளியே நின்று, எழுந்திருக்காதே, கீழேயே கிட என்று கத்துகிறார். சொந்த வாத்தியாரே சொல்கிறார். அவன் கயிற்றைப் பிடித்து எழுகிறான். வெற்றிக் களிப்பில் கையைத் தூக்கி நிற்கும் எதிராளி, உலக சாம்பியன் அப்போலோ கிரீட் திரும்பிப் பார்க்கிறான். கை மெல்ல இறங்குகிறது, முகம் தொங்கிப்போகிறது. பெல் அடித்ததும் கார்னர். வீங்கி மூடிய கண்ணோடு, கண் தெரியும்படி இமையைக் கீறிவிடு என்று ராக்கி சொல்கிறான். ஆட்டத்தை நிறுத்தினால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறான். எதிர்க் கார்னரிலும் அதேதான் நடக்கிறது. உள்ளே ரத்தம் கசிகிறது, நிறுத்தப்போகிறேன் என்கிறார் கிரீடின் ஆள். அவனும் சம்மதிக்கவில்லை. இரண்டு ஸ்டூல், இரண்டு பேர், நிறுத்தத் துடிக்கும் இரண்டு வாத்தியார்கள். பிள்ளைகளுக்குக் காட்டும்போது நான் இங்கே நிறுத்திவைத்து இரண்டு கார்னரையும் ஒப்பிடச் சொல்வேன். ராக்கி நல்லவன், கிரீட் கெட்டவன் என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. ராக்கி எழுந்ததைக் கைதட்டிப் பார்க்கிறோம். நிஜத்தில் அதே 14ஆவது ரவுண்டில் ஓர் இளைஞன் செத்திருக்கிறான். 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ அந்த ரவுண்டில் விழுந்தார், சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12ஆகக் குறைந்தன. படத்தைக் காட்டும் ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்தே சொல்வேன்.

ஆட்டத்தை நிறுத்துவதா வேண்டாமா என்ற நிலை எனக்கே நேர்ந்தது. மாவட்ட அளவிலான ஒரு போட்டியில் என் பிள்ளைகளில் ஒருத்தி, பதினேழு வயது, இரண்டாவது ரவுண்டிலேயே மூக்கில் ரத்தம். முகத்தைக் காக்கும் கை, கார்டு என்போமே, அது இறங்கிவிட்டது. கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் நான் சொல்வது உள்ளே போகவில்லை என்று தெரிந்தது. மூன்றாவது ரவுண்டு தொடங்கி அரை நிமிடத்தில், போதும், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்பதற்கு அடையாளமாக டவலை வீசினேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் அழவில்லை. பஸ்ஸில் தர்மபுரி வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு ஒரு மாதம் மைதானத்துக்கு வரவில்லை, என்னோடு பேசவும் இல்லை. நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு மாதம் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது படம் அல்ல, ஒரு நிஜப் போட்டியின் பதிவு. 1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ ஃபிரேசியரும் மூன்றாவது முறையாக மோதிய நாள். 14 ரவுண்டு முடிந்தது. ஃபிரேசியருக்குக் கண் தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. எழப்போனவரைப் பிடித்து உட்கார வைத்தார் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச். உட்காரப்பா, முடிந்தது, இன்றைக்கு நீ இங்கே செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள் என்று சொன்னார். குத்துச்சண்டை வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த ஒரு நிமிடம் அது. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அதைவிடப் பெரியது எது என்று முடிவெடுக்க அந்த மனிதருக்குக் கிடைத்ததும் அறுபது விநாடிதான்.

இந்த டவல் விஷயத்தை ராக்கி வரிசைப் படங்கள் விடாமல் சுமந்து வந்திருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1985ல் வந்த நான்காம் பாகம் படமாக எனக்கு அவ்வளவு உசத்தி இல்லை. ஆனால் ஒரு காட்சி உண்டு. இப்போது ராக்கியின் நண்பனாகிவிட்ட அப்போலோ, ரஷ்ய வீரன் டிராகோவிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். என்ன ஆனாலும் நிறுத்தாதே என்று முன்பே வாக்கு வாங்கியிருக்கிறான். டவல் ராக்கியின் கையில் இருக்கிறது. தயங்குகிறான். அந்தத் தயக்கத்தில் அப்போலோ செத்துப்போகிறான். முப்பது வருடம் கழித்து, 2015ல் ரயன் கூக்ளர் எடுத்த கிரீட் படத்தில், அதே ராக்கி வயதாகி அப்போலோவின் மகனுக்குக் கார்னரில் நிற்கிறார். கடைசி ரவுண்டுக்கு முன்னால் பையனின் கண் மூடிவிட்டது. நிறுத்துகிறேன் என்கிறார். வேண்டாம், நான் நிரூபிக்க வேண்டும் என்கிறான். எதை என்று கேட்கிறார். நான் ஒரு தவறால் வந்தவன் இல்லை என்பதை என்கிறான். அப்பா தன் மனைவிக்கு வெளியே பெற்ற பிள்ளை அவன், பிறக்கும் முன்பே அப்பாவை இழந்தவன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முழுப்படமும் நடந்திருக்கிறது என்று அப்போது புரியும். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்காமல் இருந்ததே இல்லை.

அதே படத்தில் நடுவே வரும் ஒரு போட்டியை இரண்டு ரவுண்டும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுத்திருக்கிறார்கள். கேமரா இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி வருகிறது. பெல் அடித்ததும் மற்ற படங்களில் வெட்டிவிடுவார்கள். இங்கே கேமராவும் அவனோடு கார்னருக்குப் போகிறது. ராக்கி பேசுவதைக் கேட்கிறது, மறுபடி உள்ளே வருகிறது. ஓய்வு எவ்வளவு சிறியது என்பதைப் பார்க்கிறவன் உடம்பில் உணர வைத்த காட்சி அது. ஃபுட்வொர்க் கற்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போடுவதும் அதைத்தான்.

கிளிண்ட் ஈஸ்ட்வுட்டின் மில்லியன் டாலர் பேபி (2004) பற்றிப் பேசும்போது எல்லோரும் பிற்பாதியைப் பேசுவார்கள். எனக்கு அதில் மூன்று சிறிய விஷயங்கள். ஒன்று, மூக்கு உடைந்த கதாநாயகி மேகியைக் கார்னரில் உட்கார வைத்து எலும்பை நேராக்கிவிட்டு, மறுபடி ரத்தம் கொட்ட உனக்கு இருபது விநாடிதான் இருக்கிறது என்று பயிற்சியாளர் ஃபிராங்கி சொல்லி அனுப்புவது. அந்தக் கதையை எழுதியவர் நிஜமாகவே ரிங் ஓரத்தில் ரத்தம் அடைக்கும் வேலை பார்த்தவர். அந்த அனுபவம் அந்தக் காட்சியில் தெரிகிறது. இரண்டாவது, மோர்கன் ஃப்ரீமன் நடித்த கிழவர். தன்னுடைய 109ஆவது போட்டியில் ஒரு கண்ணை இழந்தவர். அன்று அவருடைய கார்னரில் டவல் வீச உரிமை உள்ள ஆள் இல்லை. ரத்தம் அடைக்க நின்ற ஃபிராங்கிக்கு அந்த உரிமை கிடையாது. அந்தக் குற்ற உணர்வுதான் அவரை ஆயுசு முழுக்க யாரையும் பெரிய போட்டிக்கு அனுப்பப் பயப்படும் ஆளாக்கியிருக்கிறது. மூன்றாவது, ஸ்டூல். பெல் அடித்துவிட்டது. மேகி கார்னர் பக்கம் திரும்புகிறாள். எதிராளி பக்கவாட்டிலிருந்து அடிக்கிறாள். உட்காரப் போட்ட ஸ்டூல் பக்கவாட்டில் கிடக்கிறது. ஃபிராங்கி அதைப் பிடுங்கப் பாய்கிறார், எட்டவில்லை. ஓய்வுக்காகப் போட்ட பொருளே அவள் கழுத்தை உடைக்கிறது. எப்போதும் உன்னைக் காத்துக்கொள் என்பதுதான் அவர் அவளுக்குச் சொன்ன முதல் பாடம். இந்தப் படத்தை பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நான் போடுவதில்லை. பார்த்த பெரிய பிள்ளைகளில் ஒருவன், அதற்குப் பிறகு எங்கள் பிளாஸ்டிக் ஸ்டூலை ஒவ்வொரு தடவையும் கால் தரையில் பதிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வைப்பான். பெல்லுக்குப் பிறகும் கையைக் கீழே போடாதே என்று இப்போது நானும் சொல்லித்தருகிறேன்.

மார்ட்டின் ஸ்கார்செஸியின் ரேஜிங் புல் (1980) வேறு வகை. ஜேக் லமாட்டா என்ற நிஜ வீரரின் கதை, கறுப்பு வெள்ளையில். ராபர்ட் டி நிரோ அதற்காகச் சுமார் 27 கிலோ எடை கூடினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் படம் காதில் நிற்கும் படம். குத்து விழும் சத்தத்துக்கு முலாம்பழத்தையும் தக்காளியையும் நசுக்கி ஒலிப்பதிவு செய்தார்கள். இதைச் சொன்னபோது ராயக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், விலை இல்லாத வருசம் ரோட்டில் கொட்டின தக்காளி மேல் லாரி ஏறும்போது அதே சத்தம்தான் சார் வரும் என்றான். உடனே புரிந்துவிட்டது அவனுக்கு, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1951 பிப்ரவரி 14ல் சுகர் ரே ராபின்சனோடு நடந்த போட்டியை அதில் பாருங்கள். கார்னரில் ஸ்பாஞ்சைப் பிழிகிறார்கள், தண்ணீரோடு ரத்தமும் உடம்பில் வழிகிறது. 13ஆவது ரவுண்டில் லமாட்டா கயிற்றில் சாய்ந்து கையைத் தொங்கவிட்டு, வாடா அடி என்கிறார். சத்தமெல்லாம் அடங்குகிறது. அப்புறம் இடிபோல அடி. முடிந்ததும் ராபின்சனிடம் தள்ளாடிப் போய், என்னை நீ கீழே விழவைக்கவே இல்லை என்கிறார். கேமரா கயிற்றின் மேல் வந்து நிற்கிறது, ரத்தம் சொட்டுகிறது. இந்த மனிதருக்குக் கார்னர் இருந்தும் இல்லாததுபோல. யார் சொல்வதும் அவர் காதில் ஏறாது. சொந்தத் தம்பியையே அடித்து விரட்டியவர். பின்னால் சிறை அறையில் சுவரைக் குத்திக்கொண்டு, நான் மிருகம் இல்லை என்று அழும்போது பெல் அடிக்க ஆளில்லை, ஸ்டூல் போட ஆளில்லை.

தமிழுக்கு வருவோம். பா. ரஞ்சித்தின் சார்பட்டா பரம்பரை (2021) வந்தபோது இங்கே கிராமங்களில் சின்னப் பிள்ளைகள் எல்லாம் டான்சிங் ரோஸ் மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஓசூர் ரூம் தம்பி சொன்னதில் தப்பில்லை, அது அருமையான காட்சி. ஷபீர் ஆடிய அந்தக் கால்வேலையில் ஒரு தாளம் இருக்கிறது. நாயகன் கபிலன் முதலில் குத்த முயல்கிறான், காற்றுதான் கிடைக்கிறது. ரோஸின் ஆட்டத்தைப் படித்து, தாளத்தைப் பிடித்த பிறகுதான் குத்து விழுகிறது. எதிராளியைக் கேவலப்படுத்தாமல், ரசித்து, பிறகு ஜெயிப்பது நம் படங்களில் அபூர்வம். ஆனால் என்னை உலுக்கியது அடுத்த பெரிய போட்டி. எதிராளி வேம்புலி சாயத் தொடங்குகிறான், இனி சில நிமிடம்தான். அது 1976 ஜனவரி 31, திமுக ஆட்சி கலைக்கப்பட்ட நாள். போட்டி கலவரமாகிறது, கபிலன் அவமானப்படுத்தப்படுகிறான், திமுககாரரான அவனுடைய ரங்கன் வாத்தியாரைப் போலீஸ் கொண்டுபோகிறது. அந்த இரவோடு கபிலனின் கார்னர் காலியாகிறது. அதற்குப் பிறகு அவன் சாராயத்தில் விழுவதும் தொப்பை போடுவதும் எல்லாம் அந்தக் காலி இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. சிறுவனாகத் தூரத்தில் நின்று வாத்தியாரைப் பார்த்தே குத்துச்சண்டை கற்றவன் அவன். பார்க்க வாத்தியார் இல்லை என்றால் அவனுக்குக் கையே எழாது. ரங்கன் வாத்தியாராக வந்த பசுபதியின் அந்தத் தலையசைப்புக்கு, ஒரு வார்த்தை பேசாத அந்த முகத்துக்கு, எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடுவேன்.

சுதா கொங்கராவின் இறுதிச்சுற்று (2016) எங்கள் பெண் பிள்ளைகளுக்கு மிகவும் நெருக்கமான படம். ரித்திகா சிங் நிஜத்திலேயே சண்டைப் பயிற்சி உள்ளவர் என்பதால் தோள், இடுப்பு, கார்டு எதுவும் பொய்யாக இல்லை. நடிகைக்குக் கிளவுஸ் மாட்டியதுபோல் தெரியாது. ஜெயித்ததும் அவள் மேடையையும் மரியாதையையும் விட்டுவிட்டு நேராகப் பயிற்சியாளரிடம் ஓடித் தாவிக்கொள்வாள் இல்லையா, அந்தக் காட்சியை எங்கள் பிள்ளைகள் கைதட்டாமல் பார்ப்பார்கள். பத்ரியைப் பற்றியும் கேட்பாய் என்று தெரியும் தம்பி. 2001ல் கையின் மேல் கார் ஏறும் அந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் செங்கல் உடைக்கப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அது கிக் பாக்ஸிங், வேறு கணக்கு. அந்த வெறி பல பையன்களை மைதானத்துக்குக் கொண்டுவந்தது, அதற்கு நன்றி.

கார்னரில் நிற்பவர் சொல்வதே எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதினார்கள். அந்தப் போட்டியைப் பற்றி 1996ல் வந்த "வென் வி வேர் கிங்ஸ்" ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். ஃபோர்மனின் அடியை வாங்கிக்கொண்டு அலி கயிற்றிலேயே சாய்ந்து நிற்கிறார். கயிற்றை விட்டு வா என்று கார்னரில் அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி கத்துகிறார். அலி கேட்கவில்லை. ஃபோர்மன் அடித்தே களைத்துப்போக, 8ஆவது ரவுண்டில் அலி அவரைச் சாய்த்தார். சில நேரம் உள்ளே நிற்பவனுக்குத்தான் தெரியும். எப்போது அவனை விட வேண்டும், எப்போது பிடித்து உட்கார வைக்க வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் ஒவ்வொரு போட்டியிலும் புதுசாகத்தான் இருக்கிறது.

படிக்கட்டுக் காட்சியை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தின் 72 படிகள் அவை. குலுங்காமல் கூடவே ஓடும் ஸ்டெடிகேம் கேமராவைக் கண்டுபிடித்த கேரட் பிரவுன், தன் தோழியை அந்தப் படிகளில் ஓடவிட்டுச் சோதனை செய்து பார்த்தார். அந்தப் படத்துண்டைப் பார்த்துத்தான் இயக்குநர் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார். அழகான காட்சி. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் படியில் எங்கள் பையன்கள் ஓடிவிட்டுக் கையைத் தூக்கும்போது எனக்கும் சிலிர்க்கும்.

ஆனால் ராக்கியில் நான் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் அது வேறு. மிக்கி ராக்கியின் சின்ன வீட்டுக்கு வருகிறார். வருடக்கணக்காக அவனை மதிக்காதவர், ஜிம்மில் அவன் லாக்கரையே வேறு ஒருவனுக்குக் கொடுத்தவர். இப்போது உலக சாம்பியனோடு வாய்ப்பு வந்ததும், எனக்கு 76 வயது, என்னை வைத்துக்கொள் என்று கெஞ்சுகிறார். ராக்கி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கிழவர் படி இறங்கிப் போன பிறகு சுவரைப் பார்த்துக் கத்துகிறான், பத்து வருடத்து வலியெல்லாம் கொட்டுகிறான். அப்புறம் இருட்டுத் தெருவில் ஓடிப்போய் அவரைப் பிடிக்கிறான். கேமரா தூரத்திலேயே நிற்கிறது. என்ன பேசினார்கள் என்று நமக்குக் கேட்காது. கை குலுக்குவது மட்டும் தெரியும்.

டவல் வீசி ஒரு மாதம் கழித்து, படம் போட்ட ஒரு சாயங்காலம் அந்தப் பெண் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் காட்சி முடிந்ததும் எழுந்து வந்து, "சார், அவங்க அந்தத் தெருவுல என்ன பேசியிருப்பாங்க?" என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, பயிற்சிக்குக் கையில் சுற்றும் பேண்டேஜோடு புளியமரத்தடியில் நின்றாள்.